புதிதாக ஒன்றைத் தொடங்கும் முன்: சிறிய தனியார் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு

ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்தில் துறைத்தலைவராகவோ, டீனாகவோ, பதிவாளராகவோ நீங்கள் இப்போதுதான் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரமே நிர்வாகக் குழு கூப்பிட்டுச் சொல்லும்: "ஏதாவது புதுசாகச் செய்யுங்கள். ஆனால் பட்ஜெட் கிடையாது." இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தில் புதுமை என்றால் ஓர் அறை. கண்ணாடிக் கதவு, வண்ண நாற்காலிகள், இரண்டு த்ரீடி பிரிண்டர்கள், வாசலில் பெரிய பெயர்ப்பலகை. திறப்பு விழாவுக்கு எல்லாரும் போனோம், கைதட்டினோம். அறையின் சாவி ஆய்வக உதவியாளரிடம் இருந்தது. அவர் மாலை நாலரைக்கு வீட்டுக்குக் கிளம்புவார். மாணவர்களுக்கு வகுப்பு முடிவதும் நாலரைக்குத்தான். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த அறையில் விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஒரு பிரிண்டரின் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

காசு இல்லாமல் அந்த அறை படுக்கவில்லை. ஓர் ஆளின் இரண்டு மணி நேரம் இல்லாமல் படுத்தது. சிறிய நிறுவனங்களில் உண்மையான தட்டுப்பாடு ஆட்களின் நேரத்துக்குத்தான், குறிப்பாக ஆசிரியர்களின் நேரத்துக்கு. செலவிலும் பெரும்பகுதி சம்பளம்தான். ஆகவே கீழே வரும் எல்லாப் படிகளும் ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வரும்: அந்த இரண்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

முதல் படி: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணுங்கள்

வந்த வேகத்தில் திட்டம் போடாதீர்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். வாரத்தின் நடுவில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு ஒரு தடவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு அறையிலும் எத்தனை இருக்கை, எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கால அட்டவணையைப் பார்த்து எழுதாதீர்கள், கண்ணால் பார்த்து எழுதுங்கள். அட்டவணையில் வகுப்பு இருக்கும், அறையில் ஆள் இருக்கமாட்டார்கள்.

கணக்கு எப்படி வரும் என்று ஓர் உதாரணம் பார்ப்போம். வாரத்துக்கு 40 மணி நேரம் பயன்படுத்தக்கூடிய அறையில் 24 மணி நேரம்தான் வகுப்பு நடக்கிறது. அது 60 சதவீதம். நடக்கும் வகுப்புகளிலும் 60 இருக்கைக்கு 33 பேர்தான் இருக்கிறார்கள். அது 55 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 33 சதவீதம். அதாவது அந்த அறையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்துகிறீர்கள். இடம் போதவில்லை, புதுக் கட்டடம் வேண்டும் என்று கோரிக்கை வரும்போது இந்த எண் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, பாடப்பிரிவுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மாணவர்கள், வாரத்துக்கு எத்தனை ஆசிரியர் மணி நேரம் என்று ஒரே தாளில் எழுதுங்கள். இதைச் செய்யும்போது சிலருக்குக் கோபம் வரும், தன் பாடத்துக்கு ஆபத்து என்று நினைப்பார்கள். இப்போதைக்கு எண்ணுவது மட்டும்தான், வேறொன்றும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்யுங்கள்.

மூன்றாவது, ஒரு காகிதத்தின் பின்னால் போங்கள். ஒரு மாணவர் வங்கிக் கடனுக்காகப் படிப்புச் சான்றிதழ் கேட்கிறார் என்றால் அந்த விண்ணப்பம் எத்தனை மேசை ஏறி இறங்குகிறது? நான் ஒருமுறை பின்தொடர்ந்த விண்ணப்பம் ஐந்து கையெழுத்து வாங்கியது. அதில் இரண்டு பேர் எதற்காகக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதே தெரியாமல் போட்டார்கள். ஒருவர் விடுப்பில் போனதால் நான்கு நாள் காத்திருந்தது. அந்த இரண்டு கையெழுத்தையும் நீக்க ஒரு சுற்றறிக்கை போதும், செலவே இல்லை. மாணவர்களின் கண்ணுக்கு அந்த வருஷத்தின் பெரிய மாற்றமே அதுவாகத்தான் தெரிந்தது.

நான்காவது, விட்டுப் போனவர்களின் பட்டியல். கடந்த இரண்டு ஆண்டில் யார் யார் படிப்பைப் பாதியில் விட்டார்கள், எந்த மாதத்தில் விட்டார்கள், கட்டணம் பாக்கி இருந்ததா, எந்தப் பாடத்தில் தவறினார்கள். பெரும்பாலான இடங்களில் இந்தப் பட்டியல் ஒரே இடத்தில் இருக்காது. கணக்குப் பிரிவில் பாதி, தேர்வுப் பிரிவில் பாதி. அதை ஒன்றாகச் சேர்ப்பதே ஒரு வாரத்தை விழுங்கிவிடும். பரவாயில்லை, மூன்றாவது படிக்கு இது இல்லாமல் ஆகாது.

இரண்டாவது படி: தொடங்கும் முன் நிறுத்துங்கள்

பல்கலைக்கழகங்களுக்கு எதையும் தொடங்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன் ஒருவர் ஆர்வத்தில் ஆரம்பித்த சான்றிதழ்ப் படிப்பு, அவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். கூடாத குழுக்களுக்கும் உறுப்பினர் நியமனம் வருஷா வருஷம் தவறாமல் நடக்கும்.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் உள்ள பால் க்வின் கல்லூரி ஒரு சிறிய தனியார் கல்லூரி. 2007-ல் மைக்கேல் சோரல் தலைவராக வந்தபோது அது மூடும் நிலையில் இருந்தது. அவர் கால்பந்து அணியை நிறுத்தினார். அமெரிக்கக் கல்லூரிகளில் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். 2010-ல் அந்த மைதானத்தையே பண்ணையாக மாற்றினார்கள். பிறகு மாணவர்கள் வேலை செய்துகொண்டே படிக்கும் கல்லூரியாக அது மாறியது, 2017-ல் அதற்கு அரசின் அங்கீகாரமும் கிடைத்தது. பண்ணையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட, அணியை நிறுத்தியதற்கும் பண்ணை வந்ததற்கும் நடுவில் இருந்த மூன்று வருஷம்தான் முக்கியமாகத் தெரிகிறது. முதலில் நிறுத்தினார்கள். இடத்தில் என்ன செய்வது என்ற யோசனை அப்புறம்தான் வந்தது.

உங்களிடம் மைதானம் இல்லாமல் இருக்கலாம், சிறு வகுப்புகள் கட்டாயம் இருக்கும். ஒரு துறையில் நான்கு விருப்பப் பாடங்கள் ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றன என்று வையுங்கள். மாணவர்கள் 7, 9, 6, 11. ஒவ்வொன்றுக்கும் வாரம் நான்கு மணி நேரம். 33 பேருக்காக 16 மணி நேரம் போகிறது. இரண்டை இந்த வருஷமும் இரண்டை அடுத்த வருஷமும் நடத்தி, மூன்றாம் ஆண்டு, நான்காம் ஆண்டு மாணவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் யாருக்கும் எந்தப் பாடமும் போகாது, வாரம் எட்டு மணி நேரம் கையில் மிஞ்சும். பல இடங்களில் அது கிட்டத்தட்ட அரை ஆசிரியரின் வேலைப்பளு. அடுத்து வரும் படிகளுக்கு இந்த எட்டு மணி நேரம்தான் மூலதனம்.

ஒரு படிப்பையே மூட வேண்டி வந்தால் சேர்க்கையை மட்டும் நிறுத்துங்கள். உள்ளே இருக்கும் கடைசி மாணவர் பட்டம் வாங்கும்வரை அதே பாடத்திட்டத்தை நடத்தியாக வேண்டும், இடையில் ஒரு பாடத்தில் தவறியவருக்கும் சேர்த்து. இதற்கு எத்தனை ஆண்டு, யார் நடத்துவது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே அறிவியுங்கள். அறிவிப்பு முந்திக்கொண்டால் இருக்கும் மாணவர்களும் போய்விடுவார்கள், நல்ல ஆசிரியர்களும் வேறு வேலை தேட ஆரம்பிப்பார்கள்.

மூன்றாவது படி: வந்தவர்களைப் போகவிடாதீர்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்றதெல்லாம் அடுத்த வருஷம்.

நிர்வாகக் குழுவிடம் இப்படிக் கணக்குக் காட்டுங்கள். நான்காண்டுப் படிப்பில் 500 பேர் சேர்கிறார்கள், முதல் ஆண்டு முடிவதற்குள் 100 பேர் விட்டுப் போகிறார்கள் என்று வைப்போம். போன ஒவ்வொருவரும் மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கூட எடுத்துக்கொண்டு போகிறார். அந்த நூறு பேரில் முப்பது பேரை இருக்க வைத்தால், அவர்கள் கடைசிவரை படிக்கும் பட்சத்தில் 90 மாணவர்-ஆண்டுகளின் கட்டணம் திரும்பி வரும். இதே வருமானத்தைப் புதுச் சேர்க்கையில் எடுக்க வேண்டுமானால், அவர்களிலும் ஐந்தில் ஒருவர் போவார் என்பதைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஏறக்குறைய 27 புது மாணவர்கள் வேண்டும். அதற்கு விளம்பரம், சேர்க்கை முகவர், கட்டணச் சலுகை எல்லாம் உண்டு. இருக்கிறவரை இருக்க வைக்க யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. சேர்க்கைக்கு ஒரு தனி அலுவலகமே வைத்திருப்பார்கள். போகிறவரை "ஏன் போகிறாய்?" என்று கேட்க ஓர் ஆளும் இருக்கமாட்டார்.

என்ன செய்வது? மூன்றாவது வாரத்தைப் பிடியுங்கள். முதல் செமஸ்டரில் முதல் இரண்டு வாரம் எல்லாருமே கொஞ்சம் முன்பின்னாகத்தான் வருவார்கள். மூன்றாவது வாரம் வராதவர் வேறு. வெள்ளிக்கிழமை மாலை வருகைப் பதிவை எடுத்து, அந்த வாரத்தில் பாதி வகுப்புக்கு மேல் வராத முதலாண்டு மாணவர்களின் பெயரை எழுதுங்கள். ஐந்நூறு பேரில் ஒரு முப்பது நாற்பது பெயர் தேறும். திங்கட்கிழமை அவர்களை யாராவது ஃபோனில் கூப்பிட வேண்டும். அந்த "யாராவது" யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருப்பவர் கூப்பிட்டால் பையன் எடுக்கவே மாட்டான். அந்த மாணவரின் ஊர்ப்பக்கத்துச் சீனியரோ, பாடம் எடுக்கும் இளம் ஆசிரியரோ கூப்பிடட்டும். "ஏன் வரவில்லை?" என்று ஆரம்பிக்கக் கூடாது. "இந்த வாரம் ஆய்வகப் பயிற்சி ஆரம்பிக்கிறது, உன் குழுவில் ஒரு ஆள் குறைகிறது, வருகிறாயா?" என்று கேட்டால் அரை நிமிஷத்தில் விஷயம் வெளியே வரும். விடுதியில் ஒத்துப்போகவில்லை, கணக்கு ஒன்றும் புரியவில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கட்டணத்தின் கடைசித் தவணை கட்டவில்லை.

கடைசிக் காரணம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் வரும். அட்லான்டாவில் உள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். ஆனாலும் அவர்கள் கண்டுபிடித்தது நமக்கும் பொருந்தும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பலர் மிகச் சிறிய கட்டணப் பாக்கிக்காகப் பதிவிலிருந்து நீக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாக்கியைப் பல்கலைக்கழகமே அடைக்கும் ஒரு சிறு நிதியை 2011 வாக்கில் தொடங்கினார்கள். மாணவர் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கணக்கைப் பார்த்து அலுவலகமே கூப்பிட்டுச் சொல்லும். கொடுத்த சிறு தொகைக்கு அடுத்தடுத்த செமஸ்டர்களின் முழுக் கட்டணம் திரும்ப வருகிறது என்று யோசித்துப் பார்த்தால் அது தர்மக் காரியமாக மட்டும் தோன்றாது.

அதே பல்கலைக்கழகம் 2016-ல் இன்னொன்றும் செய்தது. இடம் உறுதி செய்துவிட்டு, விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கும் நாளில் வராமல் போகும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுடைய கேள்விகளுக்கு இரவு பகல் பாராமல் குறுஞ்செய்தியில் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டை வைத்தார்கள். அப்படி வராமல் போனவர்களின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உங்களுக்கு சாட்பாட் வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மாணவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒருவர் உட்கார்ந்து, அடிக்கடி வரும் ஐம்பது கேள்விகளுக்குத் தெளிவான பதில் எழுதி வைத்தால், அதை அலுவலகத்தில் இருக்கும் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்த எழுத்து வேலையை முடிக்காமல் மென்பொருள் வாங்கினால் அது தப்புத் தப்பாகப் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

நான்காவது படி: வகுப்பறைக்குள் ஒரு பாடம், ஒரே ஒரு பாடம்

விட்டுப் போனவர்களின் பட்டியலைத் திரும்ப எடுங்கள். அதிகம் பேர் தவறிய முதலாண்டுப் பாடம் எது? பெரும்பாலும் கணிதம், இயற்பியல், அறிமுக நிரலாக்கம், கணக்கியல் இவற்றில் ஒன்றாக இருக்கும். அந்தப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே நேரத்தில் மாற்றும் திட்டம் எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. அறிக்கை வரும், அதோடு சரி.

எரிக் மசூர் ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர். தன் மாணவர்கள் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் அடிப்படைக் கருத்து புரியவில்லை என்று தெரிந்ததும் 1991-ல் வகுப்பு நடத்தும் முறையை மாற்றினார். கொஞ்ச நேரம் விளக்குவார், ஒரு கேள்வி கேட்பார், எல்லாரும் தனித்தனியாக விடை தேர்ந்தெடுப்பார்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்வார். திரும்ப விடை. வசதி குறைந்த இடத்துக்கு இதைவிடச் சௌகரியமான முறை கிடையாது. மின்னணுக் கருவி இல்லாவிட்டால் நான்கு நிற அட்டைகளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் போதும். கேள்வி தயாரிப்பதுதான் கடினம். நல்ல கேள்வி என்பது வகுப்பில் பாதிப்பேர் தப்பாகச் சொல்லும் கேள்வி. எல்லாரும் சரியாகச் சொன்னால் வாதாட எதுவும் இல்லை.

இதெல்லாம் பலன் தருமா என்ற சந்தேகத்தோடு ஒரு மூத்த ஆசிரியர் கட்டாயம் எழுந்து நிற்பார். அவருக்குச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் ஒரு கட்டுரை வந்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தவறியவர்கள் 33.8 சதவீதம், மாணவர்களை ஏதாவது செய்ய வைத்த வகுப்புகளில் 21.8 சதவீதம். மூன்றாவது படியில் போட்ட கணக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி. தனியார் கல்லூரி, சில நூறு மாணவர்கள்தான். கணினி அறிவியல் எடுக்கும் மாணவிகள் பத்து சதவீதம் அளவில்தான் இருந்தார்கள். 2006-க்குப் பின் அறிமுகப் பாடத்தைத் திருத்தி எழுதினார்கள். ஜாவா என்ற நிரல் மொழிக்குப் பதில் பைத்தான் என்ற மொழி வந்தது. ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வகுப்பு, தெரியாதவர்களுக்கு வேறு வகுப்பு என்று பிரித்தார்கள். வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொல்லி மற்றவர்களை மிரட்டிவைக்கும் மாணவரை ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "உன்னோடு பேசுவது எனக்குப் பிடிக்கும், வகுப்பு முடிந்ததும் என் அறைக்கு வா, அங்கே பேசுவோம்" என்கிற மாதிரி பக்குவமாகச் சொல்லிவிடுவார். சில ஆண்டுகளில் மாணவிகளின் பங்கு நாற்பது சதவீதத்துக்குப் போனது. இதில் விலை கொடுத்து வாங்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பாடத்தைத் திருத்தும் ஆசிரியருக்கு நேரம் கொடுங்கள். இரண்டாவது படியில் மிச்சம் பிடித்த எட்டு மணி நேரத்தில் நான்கு அவருக்கு. பொன்னாடையும் பாராட்டுச் சான்றிதழும் அந்த நான்கு மணி நேரத்துக்கு ஈடாகாது. "ஏற்கெனவே இருக்கும் வேலையோடு சேர்த்து இதையும் செய்யுங்கள்" என்று சொன்னால் தலையாட்டுவார், ஒரு மாதம் செய்வார், பிறகு அவரும் பழைய நோட்டையே எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவார்.

ஐந்தாவது படி: இல்லாததைப் பக்கத்தில் வாங்குங்கள்

சிறிய நிறுவனம் எல்லாவற்றையும் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்படுவதுதான் பெரிய செலவு. மேலே சொன்ன ஹார்வி மட், கிளேர்மான்ட் கல்லூரிகள் என்ற கூட்டமைப்பில் ஓர் உறுப்பினர். 1925-ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் இன்று ஏழு நிறுவனங்கள் இருக்கின்றன. நூலகம் பொது, மருத்துவ வசதி பொது, பாதுகாப்பும் பொது. ஒரு கல்லூரி மாணவர் பக்கத்துக் கல்லூரி வகுப்பில் போய் உட்காரலாம். மாசசூசெட்ஸில் 1965-ல் உருவான ஐந்து கல்லூரிக் கூட்டமைப்பில் நான்கு தனியார் கல்லூரிகளும் ஓர் அரசுப் பல்கலைக்கழகமும் சேர்ந்திருக்கின்றன.

நீங்கள் இவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தோடு ஒரே ஒரு விருப்பப் பாடத்தைப் பகிர்ந்து பாருங்கள். எடுத்த எடுப்பில் துணைவேந்தர்கள் கைகுலுக்கிப் புகைப்படம் எடுக்கும் ஒப்பந்தம் வேண்டாம். அதைப் பத்திரமாகக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். இரண்டு பதிவாளர்களும் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசட்டும்: இரண்டு பக்கமும் கால அட்டவணையில் எந்த நேரம் காலி, மதிப்பெண் எப்படி மாறும், கட்டணம் யாருக்கு. இந்த மூன்றில் முதலாவதுதான் பெரும்பாலும் கழுத்தைப் பிடிக்கும்.

மென்பொருளுக்கும் பாடநூலுக்கும் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலம் இருக்கிறது. வகுப்பு மேலாண்மைக்கு 2002-ல் வந்த மூடுல், நூலகத்துக்கு நியூசிலாந்தில் பிறந்து 2000-த்தில் ஓடத் தொடங்கிய கோஹா, ஆய்வேடுகளைச் சேமிக்க டிஸ்பேஸ், பாடநூலுக்கு ரைஸ் பல்கலைக்கழகம் 2012-ல் தொடங்கிய ஓபன்ஸ்டாக்ஸ். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக்குறிப்புகளை இணையத்தில் வைக்கப்போவதாக 2001-லேயே அறிவித்துவிட்டது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மென்பொருள் விஷயத்தில் பார்த்தே ஆக வேண்டும். தினமும் காப்புப்பிரதி எடுப்பது யார், தேர்வு நாளில் சர்வர் படுத்தால் யாரைக் கூப்பிடுவது? இந்த இரண்டுக்கும் ஒரு பெயரை எழுத முடிந்தால் நிறுவுங்கள். முடியாவிட்டால் காசு கொடுத்து வேறொருவரிடம் ஓட்டச் சொல்வதே மலிவு.

ஆறாவது படி: வேலையிடத்தை வகுப்பறையாக்குங்கள்

1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் ஒரு முறையைத் தொடங்கினார். மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பில், கொஞ்ச காலம் தொழிற்சாலையில் என்று மாறி மாறி இருப்பார்கள். 1909-ல் நார்த்ஈஸ்டர்ன், 1919-ல் ட்ரெக்செல் என்று தனியார் நிறுவனங்களும் இதை எடுத்துக்கொண்டன. இன்றுவரை அந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் அடையாளமே அதுதான். மாணவருக்கு அனுபவம், கையில் கொஞ்சம் சம்பளம். பல்கலைக்கழகத்துக்கு உள்ள லாபத்தை யாரும் வெளியே சொல்வதில்லை: ஒரு குழு வேலைக்குப் போயிருக்கும்போது அதே அறை, அதே ஆய்வகம் இன்னொரு குழுவுக்குக் காலியாக இருக்கும்.

நீங்கள் தொடங்கும்போது பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டாதீர்கள், அங்கே வரிசை நீளம். உங்கள் முன்னாள் மாணவர்கள் வேலை பார்க்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்குப் போங்கள். ஒரு முன்னாள் மாணவர், இரண்டு இன்னாள் மாணவர், ஆறு வாரம். முதல் குழு போகும்போது ஓர் ஆசிரியர் வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரட்டும். அவர் கொண்டு வரும் செய்தியிலிருந்துதான் பாடத்திட்டத்தில் எதை வெட்டலாம் என்பது தெரியும்.

முன்னாள் மாணவர்களைப் பற்றி இன்னொன்று. வர்ஜீனியாவின் ஸ்வீட் பிரையர் கல்லூரி தனியார் மகளிர் கல்லூரி. 2015 மார்ச்சில் கல்லூரியை மூடப்போவதாக அதன் நிர்வாகக் குழுவே அறிவித்தது. முன்னாள் மாணவிகள் நிதி திரட்டினார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். அந்த ஆண்டே கல்லூரி மீண்டும் திறந்தது, இன்றும் நடக்கிறது. முன்னாள் மாணவர் பட்டியலை நன்கொடை கேட்க மட்டும் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வழியில் சில பள்ளங்கள்

தரவரிசை. க்யூஎஸ் நிறுவனம் வெளியிடும் உலகப் பல்கலைக்கழகப் பட்டியலில் கல்வியாளர்கள் மத்தியில் உள்ள பெயருக்கு மட்டும் நீண்ட காலம் 40 சதவீத மதிப்பெண், 2024 பட்டியலிலிருந்து 30. சிறிய நிறுவனத்தால் ஐந்து வருஷத்தில் அந்தப் பெயரை வாங்க முடியாது. அதற்கென ஒரு அலுவலகம் போட்டால் நல்ல இரண்டு ஆசிரியர்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஒழுங்குமுறை அமைப்பு கேட்கும் தர அங்கீகாரம் வேறு, அது கட்டாயம். தரவரிசையைச் சும்மா விடலாம்.

கட்டணச் சலுகைப் போட்டி. பக்கத்துக்காரர் 20 சதவீதம் தள்ளுபடி என்றால் நீங்கள் 30 என்பீர்கள். அடுத்த வருஷம் சலுகையே கட்டணமாகிவிடும். சலுகை கொடுக்காமல் இருந்திருந்தாலும் சேர்ந்திருப்பார் என்பவருக்குக் கொடுத்ததைத் தனியாக எண்ணிப் பாருங்கள். தூக்கம் போகும்.

பெரிய வெற்றிக் கதைகளைப் பார்த்து அப்படியே இறங்குவது. தெற்கு நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 2003-ல் மூவாயிரம் மாணவர்கள்கூட இல்லாத தனியார் நிறுவனம். இணையவழிப் படிப்பால் லட்சத்தைத் தாண்டியது. பார்ப்பவர்கள் இணையம் என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இணையப் பிரிவுக்குத் தனி நிர்வாகம், தனி விதிகள், வேலைக்குப் போகும் பெரியவர்கள்தான் மாணவர்கள் என்ற தெளிவு, விளம்பரத்துக்குக் கொட்டிய பணம், எல்லாவற்றுக்கும் மேலாக முன்கூட்டியே இறங்கியது. இன்று இறங்கும் உங்களுக்கு இதில் எத்தனை இருக்கிறது?

ஏழாவது படி: சிறிதாகச் சோதித்து எழுதி வையுங்கள்

எந்த மாற்றமானாலும் ஒரு செமஸ்டர், ஒரு பிரிவு, ஒரு ஆசிரியர். தொடங்கும் முன்பே ஒரு தாளில் மூன்று வரி: எந்த எண் மாற வேண்டும், எவ்வளவு மாறினால் தொடர்வோம், எந்தத் தேதியில் முடிவெடுப்போம். தேதியை எழுதாத சோதனை முயற்சி நிரந்தரத் திட்டமாகிவிடும். இரண்டாவது படியில் நீங்கள் நிறுத்தப் போராடியதெல்லாம் அப்படி வந்தவைதான்.

மாணவர்களையும் உள்ளே சேருங்கள். அமெரிக்காவின் ஓலின் பொறியியல் கல்லூரி 2002-ல் முறையான வகுப்புகளைத் தொடங்கும் முன், முப்பது மாணவர்களை ஒரு வருஷம் முன்கூட்டியே அழைத்துவந்து, பாடத்திட்டத்தை அவர்களோடு சேர்ந்து சோதித்துப் பார்த்தது. அது பெரிய அறக்கட்டளைப் பணத்தில் எழுந்த கல்லூரி, அதை நம்மோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் மாணவர்களை உட்கார வைத்துக் கேட்பதற்கு அறக்கட்டளை தேவையில்லை.

தோற்ற முயற்சிக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்பில் வையுங்கள்: என்ன செய்தோம், என்ன எதிர்பார்த்தோம், எங்கே தடுக்கியது. நான் ஒருமுறை பழைய கல்விக் குழுத் தீர்மானங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதலாண்டுக் கணிதத்துக்கு மாலை நேரத் துணை வகுப்பு என்ற ஒரே யோசனையைப் பதினோரு வருஷத்தில் மூன்று டீன்கள் தனித்தனியாகக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று தடவையும் ஒரே செமஸ்டரில் நின்றுபோயிருந்தது. ஏன் நின்றது என்று எங்கும் எழுதவில்லை. அங்கே நெடுநாள் வேலை பார்த்த கடைநிலை ஊழியர் ஒருவரைக் கேட்டேன். "கடைசி பஸ் ஆறே காலுக்கு சார், வகுப்பு முடியறது ஆறரைக்கு" என்றார்.